சங்கையாவுக்கு அப்பா மூக்கையா

மழை எதனால் பெய்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை, கேட்கிற அளவுக்கு அது பெய்ததும் இல்லை; கம்ப்யூட்டர் எதனால் விழுகிறது என்று கேட்கத்தான் சென்னையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருந்தார்கள். ஊர்ப் பெயர் நெடுங்கம்மாய். பெயரில் இருக்கிற அந்தக் கம்மாயில் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம், பொருட்காட்சி போடுவோம், ஒரு எலெக்‌ஷனுக்கு ஹெலிகாப்டர்கூட இறக்கினோம், தண்ணீரை மட்டும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்தால் மழை பெய்யும், எழுந்தால் நிற்கும் என்று ஆனபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒருத்தருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. மழை வந்ததே பெரிசு, அது எந்த வாசல் வழியாக வந்தால் நமக்கென்ன என்றுதான் இருந்தோம்.

முதல் தடவை அது விழுந்தது சித்திரையில், ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு மத்தியானம். கிளார்க் கோமதிநாயகம் அண்ணாச்சி, சீனியம்மாள் கொண்டுவந்த வாரிசுச் சான்றிதழ் மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கடைசியாக ஒரு தட்டு தட்டினார். பெட்டி கொஞ்ச நேரம் உறுமியது, சூடானது, அப்புறம் திரை கறுத்து அப்படியே படுத்துவிட்டது. படுத்த கையோடு வெளியே சைக்கிள் ஸ்டாண்டின் தகரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டது, வரிசையில் நின்றவர்கள் என்ன ஏதென்று எட்டிப் பார்த்தால், மேகமே இல்லாத வானத்திலிருந்து நல்ல கொழுத்த மழை இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாய்க்குள்ளேயே யாரையோ வைதுகொண்டு பெட்டியை அணைத்துப் போட்டார். திரை வெளுத்தது, மழை குழாயை மூடினது போல நின்றது, சீனியம்மாளை நாளைக்கு வரச் சொன்னார்கள்.

சீனியம்மாள் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேரூராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் மூக்கையாவின் சம்சாரம். மூக்கையா ஒரு நாள் தொட்டி மேலே ஏறினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், கடைசிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வேலையில் இருக்கும்போது செத்தால் பிள்ளைக்கு அந்த வேலையைக் கொடுப்பார்கள். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதை ஆவணி முடிவதற்குள் பேரூராட்சியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தவறினால் வேலை இல்லை. மகன் சங்கையா ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தான், திருப்பூரிலிருந்து கூட்டாளிகள் தினமும் போன் போட்டு, பனியன் கம்பெனிக்கு வந்துவிடு என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் பஸ் ஏறிவிட்டால் அந்த வீட்டில் அவளும் ஒரு பூட்டும்தான் மிச்சம். அதனால் அவளுக்கு மழை வேண்டியதில்லை, கம்மாய் நிறைய வேண்டியதில்லை, ஒரே ஒரு காகிதம்தான் வேண்டியிருந்தது.

எங்களுக்கு அப்படியில்லையே. இரண்டாம் தடவை விழுந்தபோது ஊர் மூக்கில் விரலை வைத்தது, மூன்றாம் தடவைக்குள் விரலை எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காயப்போடுகிற பெண்கள் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே காயப்போட்டார்கள், வடகம் பிழிந்தவர்கள் அண்ணாச்சி முகம் கறுக்கிறதா என்று ஆள்விட்டுப் பார்த்துக்கொண்டார்கள், சைக்கிள் கடையில் குடை ரிப்பேர் என்று புதுப்பலகை தொங்கியது, டீக்கடை ரேடியோவில் வானிலை அறிக்கை வாசித்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காட்டில் உழுகிற சம்சாரிகள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, இன்னும் ஒரு உழவு மழை வேண்டும், பெட்டியை எழுப்பிவிடாதீர்கள் என்று அண்ணாச்சியிடம் கெஞ்சுவார்கள். அதே நேரத்தில் தீப்பெட்டி முதலாளி ஆளனுப்பி, உடனே எழுப்பச் சொல்லுவார். அதுவரைக்கும் டீக்கடையில் நாதியில்லாமல் நின்றே குடித்துவிட்டுப் போகிற அண்ணாச்சிக்கு இப்போது பெஞ்சில் இடம் விட்டார்கள், ஆமவடையைத் தேடி எடுத்துத் தட்டில் வைத்தார்கள், அவரும் எழுப்பலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்து யோசிக்கப் பழகிவிட்டார். கடைசியில் பேரூராட்சி சேர்மன் பால்துரை ஊர்க்கூட்டம் போட்டு, செவ்வாயும் வெள்ளியும் சம்சாரிகளுக்கு, மற்ற நாளெல்லாம் தீப்பெட்டிக்கு என்று மழையை முறை பிரித்துக் கொடுத்தார். ரெண்டு பேருக்கும் வருத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

முறை பிரித்தாயிற்று, முறைநாளில் பெட்டி விழ வேண்டுமே. முதல் செவ்வாய்க்கிழமை மேளதாளத்தோடு ஆபீஸ் முன்னால் கூடினோம். அண்ணாச்சி வரிசையாக மனுக்களைத் தட்டினார்: சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தட்டத் தட்ட எல்லாம் அச்சாகி வந்து விழுந்தது. காலையில் வந்தவன் காலையிலேயே காகிதத்தோடு வீட்டுக்குப் போனான். அப்படியொரு கெட்ட நாளை எங்கள் தாலுகா ஆபீஸ் கண்டதில்லை. சம்சாரிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டிக்குத் திருஷ்டி கழிந்துபோயிற்றோ என்று யாரோ சந்தேகப்பட்டு, முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் அவிழ்த்துக்கூடப் பார்த்தார்கள். சாயங்காலம் ஆபீஸ் மூடப்போகிற சமயத்தில் சீனியம்மாள் பேரூராட்சியில் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, முடியாதென்று சொல்லிவிட்டார்களே என்ற துக்கத்தோடு வந்து தன் மனுவை நீட்டினாள். அண்ணாச்சி தட்டினார், பெட்டி படுத்தது, மழை கொட்டியது, அந்த மழையில் நனைந்துகொண்டே ஊர் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கிருந்து அவளுக்கு வந்த வாழ்வைக் கேட்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் பொழுது விடிந்தால் வாசலில் மேளம். பெண்கள் வந்து தலைவாரிப் பூ வைத்தார்கள், முறை வைத்துப் புடவை எடுத்துக் கொடுத்தார்கள், ஆபீஸ் வரைக்கும் அவள் கால் சுடாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார்கள், அந்தத் தண்ணீருக்கு ஊரில் அடித்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது பாருங்கள். ஆபீஸில் அவளுக்குத் தனி நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே. அவள் மனுவை நீட்டுவாள், அண்ணாச்சி கும்பிட்டு வாங்குவார், தட்டுவார், பெட்டி விழும், வெளியே குலவை கேட்கும். கரிசல் காட்டில் சோளம் முழங்கால் உயரம் வந்தது, பருத்தி பூத்தது, மிளகாய்ச் செடிக்கெல்லாம் கொழுப்பு ஏறிவிட்டது. சான்றிதழ் தவிர மற்ற எல்லாம் அவளுக்குக் கிடைத்தது. ஒரு தடவை அவள் சேர்மனிடம், ஐயா, எனக்கு அந்தக் காகிதம் எப்போ கிடைக்கும் என்று கேட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்கு எதுக்கும்மா காகிதம், நீயே எங்களுக்கு மாரியாத்தா இல்லையா என்று கண்கலங்கினார். மாரியாத்தாவுக்குப் பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்புகிற கவலை உண்டா என்று அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புதுப்புடவையை மடித்துவைத்துவிட்டு அழுதாள்.

இந்த ஆபீஸ் பெட்டி மட்டும் இப்படி அடிக்கடி விழுகிறதே என்று மேலிடத்துக்கு எரிச்சல். முதலில் வந்தவர் வயரை மாற்றினார், போய்விட்டார். அடுத்து வந்தவர் பேட்டரியை மாற்றினார். அதற்கப்புறம் வந்தவர் சூடுதான் காரணம் என்று கண்டுபிடித்து ஏ.சி. வைத்தார், பெட்டி குளுகுளுவென்று விழுந்தது. ஒவ்வொருவரும் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போனார்கள். ஆவணி பிறந்தபோது ஹேமா என்று ஒரு பெண் வந்து இறங்கியது, ஜீன்ஸ் பேன்ட், தோளில் ஒரு பை, யாரையும் முறைத்துப் பார்க்காத முகம். காரணம் தெரியாமல் நான் போக மாட்டேன் என்று அது சொன்னதும் நாங்கள் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். கதிர் பிடிக்கிற நேரம், இன்னும் இரண்டு மழை கட்டாயம் வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு ஆளை வேலை செய்யவிடாமல் அடிப்பதென்றால் உபசாரத்தால்தான் அடிப்போம். ஹேமா பெட்டி முன்னால் உட்கார்ந்தால் கருப்பட்டிக் காபி வந்தது, மூடியைக் கழற்றினால் சீடை வந்தது, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் எங்கள் வீட்டுக்கு ஒருவாய் சாப்பிட வந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு குடும்பமே வந்து நின்றது. அதுவும் சளைக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டே சோதித்தது, ஏப்பம் விட்டுக்கொண்டே எழுதியது. பெட்டிக்குள் புதிதாக ஒரு ஏற்பாடு வந்திருப்பதை மட்டும் கண்டுபிடித்தது. யார் எந்தச் சான்று கேட்டாலும் ஆள் உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள, அவனுக்கு அப்பா யார், அந்த அப்பாவுக்கு அப்பா யார் என்று பழைய பதிவுகளில் ஏறிக்கொண்டே போய், இதற்கு மேல் ஆள் இல்லை என்கிற இடத்தில் பெட்டி நிற்கும். எல்லாருக்கும் நிற்கிறது, இந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை என்பதுதான் ஹேமாவுக்குப் புரியவில்லை. மனுவை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் காகிதம் இன்ஜினீயர் பார்க்கிற சாமானில் சேர்த்தியில்லை, அது கிளார்க் பார்க்கிற சாமான். கிளார்க்கோ அதை இத்தனை தடவை தட்டியும் எழுத்தாகப் பார்த்தாரே தவிரப் படிக்கவில்லை.

சரி, அந்த அம்மாவிடமே கேட்டுவிடுவோம் என்று ஹேமா கேட்டது. சீனியம்மாளும் ஒளிக்காமல்தான் சொன்னாள். தம்பிக்கு வேலைக்காகத் தாயி. தம்பியோட அப்பா, அவுகதான் தொட்டியில இருந்தாக. அவுகளுக்கு அப்பா பெரியவுக, போய்ச் சேர்ந்துட்டாக. ஹேமா தலையைச் சொறிந்துகொண்டு, பெயரைச் சொல்லுங்கம்மா என்றது, சுற்றி நின்ற பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும், மாமனாருக்கு மரியாதை குறையும். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் சொல்லுவாள், பக்கத்தில் நிற்கிறவளுக்கு இவள் சொல்லுவாள். அன்றைக்கு அதற்கு மேல் பேச்சு போகவில்லை, ஏனென்றால் ஹேமாவுக்கு வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. டேய் அருண், குக்கர்ல விசில் வந்ததும் அணைச்சிடுடா, தீய விட்டுடாத என்று அது நடுக்கூடத்தில் நின்று சொன்னது. அருண் யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்றது. பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சீனியம்மாள் மட்டும் தயங்கித் தயங்கிக் கிட்டே போய், அவுக உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா என்று விசாரித்தாள். நல்லாத்தான் இருக்கார், லேசா சளி என்று பதில் வந்தது.

கெடு முடிய ஒரு நாள்தான் பாக்கி, அது வெள்ளிக்கிழமை. வாசலில் மேளம், குலவை, கையில் குடையோடு பாதி ஊர். ஹேமா வெளியே வந்து, சத்தத்தில் ஒன்றும் ஓடவில்லை என்று எல்லாரையும் கேட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். சங்கையாவைக் கூட்டம் உள்ளே விடவில்லை. அறையில் ரெண்டு பெண்களும் பெட்டியும் மட்டும். இன்றைக்கு ஒரு தடவை நானே முதலிலிருந்து ஏற்றிப் பார்க்கிறேன், பையன் பெயர் என்னம்மா என்று ஹேமா கேட்டது. சீனியம்மாள் பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

மகன் பெயரையே சொல்ல முடியாத தாய் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்பது எல்லாருக்கும் வழக்கம்தான், ஆனால் நாங்கள் அதை நைசாக ரெண்டாகப் பிரித்துவிட்டோம். காதுகுத்தில் தாத்தா பெயரைக் காதில் சொல்லி அங்கேயே விட்டுவிடுவோம், பள்ளிக்கூடத்தில் ரித்தீஷ், தர்ஷன், யஷ்வந்த் என்று தாய் கூப்பிடத் தோதாக ஒன்றைக் கொடுத்துவிடுவோம். சீனியம்மாளின் மாமனார் அதற்கு மசியவில்லை. அவர் பொல்லாத மனுஷன், குழம்பில் உப்பு கூடினால் சட்டியோடு தெருவில் எறிவார். பள்ளிக்கூடத்திலும் என் பெயர்தான் என்று தடியை ஊன்றிக்கொண்டு நின்று சேர்த்துவிட்டுத்தான் வந்தார். அதனால் அவள் பெற்ற பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள். ஒரு தடவை பொங்கல் கூட்டத்தில் பையன் தொலைந்துபோனான். தம்பி, தம்பி என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். கூட்டத்தில் இருந்த அத்தனை தம்பிகளும் திரும்பிப் பார்த்தார்கள், அவன் ஒருத்தன் மட்டும் திரும்பவில்லை. அவனைக் கண்டுபிடித்துத் தூக்கினபோதுகூட அந்தப் பெயர் அவள் தொண்டையில்தான் நின்றது.

வெளியே மேளக்காரன் ஒரு தட்டு தட்டிப் பார்த்தான். சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சங்கையா," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எம் மகன் பேரு சங்கையா."

"அவங்க அப்பா?"

"மூக்கையா."

"அவருக்கு அப்பா?"

"சங்கையா."

ஹேமாவின் கை நின்றது. "அவருக்கு?"

"மூக்கையா. அவுகளுக்கு அப்பா சங்கையா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது தாயி, ஆனா வேற பேரா இருக்காது."

சொல்லிவிட்டு அவள் கூரையை நிமிர்ந்து பார்த்தாள், ஏதாவது இடிந்து விழுகிறதா என்று. ஒன்றும் விழவில்லை, மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றியது. இந்தப் பேருக்கா இத்தனை வருஷம் பயந்து செத்தோம் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஹேமா அவளை மறுபடி சொல்லச் சொன்னது. மறுபடி சொன்னாள். இன்னொரு தடவை யாரும் கேட்காமலே சொன்னாள்.

காரணம் இவ்வளவுதான். பெட்டி சங்கையாவுக்கு அப்பா யார் என்று ஏறிப்போகும், மூக்கையா என்று வரும். மூக்கையாவுக்கு அப்பா யார் என்று இன்னும் ஏறிப்போகும், சங்கையா என்று வரும். அதே பெயர், அதே கதவு எண், அதே குடும்பம், அட இவன்தானே புறப்பட்ட ஆள் என்று பெட்டி மறுபடி சங்கையாவுக்கு அப்பா யார் என்று கிளம்பும். அந்தக் குடும்பத்துக்கு முதல் ஆள் எங்கே என்று தேடித் தேடி, மகனைப் பெற்ற தகப்பனையும் தகப்பனைப் பெற்ற மகனையும் சுற்றிச் சுற்றி வந்து, தலை கிறுகிறுத்து மல்லாந்துவிடும். மூத்த சங்கையாவுக்கு முன்னால் பெரிய என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், பெட்டி அங்கே நின்றுவிடும், சான்றிதழ் வந்துவிடும் என்று ஹேமா சொன்னது. மழை எப்படி வருகிறது என்பதற்கும் காரணம் சொல்லும்படி சீனியம்மாள் கேட்கவில்லை, ஹேமாவும் அது தன் டிபார்ட்மென்ட் இல்லை என்று விட்டுவிட்டது.

டீ குடித்துவிட்டு வந்து கதவுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி ஓடிப்போய்ச் சேர்மனைக் கூட்டிவந்தார். சேர்மன் வந்த வேகத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். இன்னும் ரெண்டே மழை, கதிர் முற்றிவிடும், அதுவரைக்கும் அந்த வார்த்தையைச் சேர்க்க வேண்டாம், பேரூராட்சியில் தேதியைப் பிறகு எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். கொஞ்சம் முன்னால் வரைக்கும் தள்ளவே முடியாது என்று இருந்த தேதி அது. ஊரே உன் காலில் விழுகிறது என்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் உண்மையிலேயே ஊர் நின்றுகொண்டிருந்தது, அதில் அவள் சொந்த அண்ணனும் இருந்தான், அவனுக்கும் சோளம்தான். ஆனால் சீனியம்மாளுக்கு வாய் இன்றைக்குத் திறந்துகொண்டுவிட்டதே, அது மூடமாட்டேன் என்றது.

"ஊர் மழைக்கு நான் பொறுப்புன்னு எல்லாரும் சொல்லுதீக ஐயா, சரி. எம் புள்ளைக்கு யாரு பொறுப்பு?"

சேர்மன் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். சீனியம்மாள் ஹேமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஹேமா அந்த வார்த்தையைச் சேர்த்துத் தட்டியது. பெட்டி உறுமியது, ஏறியது, பெரிய சங்கையாவிடம் போய் நின்றது, அச்சு எந்திரம் காகிதத்தைத் துப்பியது. வெளியே விரித்துவைத்திருந்த குடைகளின் மேல் சுள்ளென்று வெயில் அடித்தது.

உண்மையான காரணத்தை ஹேமா விவரமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பியது. தாத்தா பெயர் வைப்பதெல்லாம் கம்ப்யூட்டர் விழக் காரணம் ஆகாது, பட்டியலில் உள்ள காரணங்களில் ஒன்றைச் சொல்லும்படி பதில் வந்தது. பட்டியலில் மின்சாரம், வெப்பம், ஈரம், எலி என்று இருந்ததாம். ஹேமா கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு எலி என்று எழுதிவிட்டு பஸ் ஏறியது, போகும்போது சீனியம்மாள் வீட்டில் மட்டும்தான் சாப்பிட்டது. அடுத்த வாரமே அரசாங்கம் ஆபீஸுக்கு ஒரு பூனை வாங்க அனுமதி கொடுத்தது. இன்றைக்கும் அது சீனியம்மாளின் அந்த நாற்காலியில்தான் தூங்குகிறது.

சங்கையாவுக்கு வேலை கிடைத்தது. தினமும் தொட்டி மேலே ஏறி, ஒரு சொட்டுக்கூட இல்லாத தொட்டியின் வால்வைத் திறந்துவிட்டு, முறைப்படி காத்திருந்து, மூடிவிட்டு இறங்கினான். ஊர் அவர்களோடு பேசவில்லை. சோளம் பாதியில் கருகியபோது பழியெல்லாம் சீனியம்மாள் தலையில் விழுந்தது. பூ வைத்துவிட்ட அதே பெண்கள் கிணற்றடியில் அவளைக் கண்டால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவளுக்கு வருத்தமில்லாமல் இல்லை. ஆனால் சாயங்காலமானால் மகன் வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், தின்னும்போது போன் பார்த்தான், உட்கார்ந்து பார்க்க அவளுக்கு ஒரு ஆள் இருந்தான். அந்தப் பெயரை மட்டும் அவள் அப்புறம் சொல்லவில்லை. ஆபீஸில் சொன்னது ஆபீஸோடு போகட்டும் என்று வீட்டில் பழையபடி தம்பிதான்.

காரணத்தை அண்ணாச்சி எத்தனை நாளைக்கு வயிற்றில் வைத்திருப்பார்? டீக்கடையில் மறுபடி நின்றே குடிக்கிற நிலைமை வந்ததும் ஒரு நாள் பெஞ்சில் இடத்துக்காகக் கக்கிவிட்டார். கேட்டதும் நாங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டோம். அட, இது ஒரு வீட்டுச் சொத்தா, எல்லார் வீட்டிலும்தானே தாத்தா இருந்தார்! ஊர்க்கூட்டத்தில் ஒரே மனதாக முடிவாயிற்று: காதுகுத்தோடு விட்டுவிட்ட பெயர்களை எல்லாம் திரும்ப எடுப்பது. பெண்கள் மட்டும் கூட்டத்துக்கு வெளியே நின்று, பெற்ற பிள்ளையை அப்புறம் எப்படிக் கூப்பிடுவது என்று முணுமுணுத்தார்கள், அதையெல்லாம் மழை வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டோம். ரித்தீஷ் உடையாண்டி ஆனான், தர்ஷன் வெயிலுமுத்து ஆனான், யஷ்வந்த் கண்ணாடி முன்னால் நின்று அழுது முடித்துவிட்டுக் கழுவத்தேவன் ஆனான். எங்கள் தாத்தாமாருக்கு இருந்ததே ஒரு கைப்பிடிப் பெயர்கள், அதனால் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் உடையாண்டி, மீதிப் பேர் வெயிலுமுத்து. வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதையே விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பயலைக்கூட ஒரு பெண்ணால் கூப்பிட முடியவில்லை, அவன் பெயரும் இவள் மாமனார் பெயராகவோ புருஷன் பெயராகவோதான் இருந்தது. தெருவெல்லாம் தம்பி, ஏய், இந்தாரு என்றே ஓடியது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் பிள்ளைகளுக்கு இருப்பிடச் சான்று கேட்டு வரிசையில் நின்றோம். முதல் மனுவிலேயே பெட்டி படுத்தது. உடையாண்டிக்கு அப்பா முனியசாமி, முனியசாமிக்கு அப்பா உடையாண்டி. எழுப்பினால் அடுத்தது வெயிலுமுத்து. எழுப்ப எழுப்பப் படுத்து, கடைசியில் அண்ணாச்சி கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பூனையோடு வெளியே வந்துவிட்டார். அந்த மழையைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். நாங்கள் ஆபீஸ் வாசலில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து ஆடினோம், சேர்மன் வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஆடினார், பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்பது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை.

பையன்கள் வழக்கம்போலக் கம்மாய்க்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பெய்ததெல்லாம் உழவு மழை, அதைக் கரிசலே குடித்துவிட்டது; கம்மாய்க்குள் தண்ணீர் வரும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாலு திசை ஓடையும் ஒன்றாக இறங்க, கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு வந்தது, பயல்கள் அதில் குதித்துக்கொண்டு நடுவே நடுவே போனார்கள். கரையில் தாய்மார்கள் தலைவிரிகோலமாக ஓடிவந்து, தம்பி, தம்பி என்று கத்தினார்கள். மழைச் சத்தத்தில் எந்தத் தம்பியும் தன்னைத்தான் என்று நினைக்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பெயர் எல்லாருக்கும் நாக்கு நுனியில் இருந்தது, நாக்குதான் புரளவில்லை. அப்போது உடையாண்டியின் தாய், கிணற்றடியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாளே அவள்தான், சீனியம்மாள் வீட்டுக்கு ஓடி, அவள் கையைப் பிடித்தாள்.

"மதினி, எம் புள்ளையக் கூப்பிடுங்க. என்னால முடியல மதினி."

சீனியம்மாள் மழையோடு ஓடிவந்து கரை மேல் ஏறினாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள், மூச்சை இழுத்தாள்.

"ஏலே உடையாண்டி. ஏலே வெயிலுமுத்து. ஏலே கழுவத்தேவா, வெளிய வால. முனியசாமி, மாடக்கண்ணு, ஏறுங்கலே கரைக்கு."

ஊரில் செத்துப்போன அத்தனை மாமனார்களையும் ஏலே போட்டு அவள் வரிசையாகக் கூப்பிட்டாள், உப்பு கூடினதற்குச் சட்டியை எறிந்தவர்களை, தடியை ஊன்றி நின்றவர்களை, நிமிர்ந்து பார்க்க விடாதவர்களை எல்லாம். பயல்கள் பேர் பேராகத் திரும்பினார்கள், நனைந்த கோழிக்குஞ்சுகளாகக் கரையேறி வந்தார்கள், தாய்மார்கள் அவரவர் பிள்ளையை முதுகில் ரெண்டு போட்டு முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். கடைசிப் பயலும் வந்துவிட்டான் என்று தெரிந்ததும் அவள் திரும்பினாள். தூரத்தில் தண்ணீர்த் தொட்டி மேலே, முதன்முறையாகத் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் குனிந்து கேட்டபடி, அவள் மகன் அந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தான். இடி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே சங்கையா," என்று கூப்பிட்டாள். "எறங்கி வால, சோறு ஆறுது."

முதல் கூப்பாட்டிலேயே அவன் திரும்பினான்.